மைனஸ் 18 எப்படி 238 ஆனது: ஒரு பில்ட் உள்ளமைவின் நிகழ்வு ஆய்வு

கிண்ணியா நானாவின் அழைப்பு வந்தபோது இரவு பதினொன்றரை தாண்டியிருந்தது. "தம்பி, போன்ல 238 எண்டு மெசேஜ் வந்துகொண்டே இருக்கு. சைரனும் நிக்குதில்லை. நான் அறைக்குள்ள போய் நிண்டு பாத்திட்டன், கை விறைக்குது. இது என்ன கணக்கு?"

அவருடைய குளிரறை திருகோணமலையில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறது. பலநாள் படகுகள் கொண்டுவரும் சூரை மீனை மைனஸ் 18 பாகை செல்சியசில் வைத்திருக்கும் அறை. சுவரில் எங்கள் பெட்டி தொங்குகிறது. அதற்குள் ராஸ்பெரி பை என்ற ஒரு சிறு கணினி, எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு மோடம். அறைக்குள் நீளும் வயரின் நுனியில் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சர். வெப்பநிலை குறித்த எல்லையைத் தாண்டினால் சைரன் அடிக்கும், உரிமையாளரின் போனுக்குச் செய்தி போகும். பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

அந்த இரவு சைரன் வயரைக் கழற்றிவிடும்படி அவருக்குச் சொன்னது நான்தான். வேறு வழி தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு இரவு அந்த அறை காவல் இல்லாமல் கிடந்தது. கரண்ட் போயிருந்தாலோ கொம்பிரசர் நின்றிருந்தாலோ யாருக்கும் தெரிந்திருக்காது. உள்ளே இருந்தது ஒரு படகின் முழுப் பயணத்து மீன். நல்ல வேளை ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

காரணத்தைத் தேடிப் போனபோது சென்சரிலும் குறை இல்லை, நிரல் வரிகளிலும் இரண்டு வருடமாக எந்த மாற்றமும் இல்லை. கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது, கம்பைலருக்குக் கொடுக்க வேண்டிய ஒரே ஒரு ஃபிளாக் (ஒரு சிறு அறிவுறுத்தல்) விடுபட்டிருந்தது. அது ஏன் விடுபட்டது, எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்காக எழுதிய ரேப்பர் (நீண்ட கட்டளையைச் சுருக்கித் தரும் சிறு நிரல்) முதல் தடவை ஏன் எங்களை ஏமாற்றியது, இப்போது எப்படி வேலை செய்கிறது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

உவர்மலையில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்கிறோம். பெட்டிக்குள் ஓடும் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. பில்ட் வேலைக்கு சிமேக் பயன்படுத்துகிறோம். சிமேக் நேரடியாக எதையும் கம்பைல் செய்யாது. எந்தக் கம்பைலர், எந்த நூலகம், என்னென்ன ஃபிளாக் என்ற விவரங்களைச் சேர்த்து கம்பைலரை ஓட்டும் கருவிகளான மேக்குக்கோ நிஞ்சாவுக்கோ வேலைப் பட்டியல் எழுதிக் கொடுக்கும். அந்த விவரங்களைச் சிமேக்குக்குச் சொல்ல வேண்டியது நாங்கள்.

சொல்ல வேண்டியது கொஞ்சமல்ல. பழைய பெட்டிகளில் பை 3, 32 பிட். புதியவற்றில் பை 4, 64 பிட். சோதனைகள் ஓடுவது எங்கள் லேப்டொப்பில். மோடத்தில் இரண்டு வகை. களத்துக்குப் போவது ரிலீஸ் பில்ட், மேசையில் பிழை தேடுவது டீபக் பில்ட். இவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் எத்தனை சேர்க்கைகள் வரும் என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் டர்மினலில் மூன்று வரிக்கு நீளும் ஒரு கட்டளை. ரீட்மி கோப்பில் அதில் ஒன்றுதான் எழுதியிருந்தது. மற்றதெல்லாம் மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி எடுக்கும் பழைய கட்டளைகளிலும், இந்த நிரலை முதலில் எழுதிய அண்ணாவின் நினைவிலும் இருந்தன. அண்ணா கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு மாதம் ஆகிவிட்டது.

2023 ஒக்டோபர் கடைசி. வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்னான அந்த வாரங்களில் இங்கே பின்னேரங்களில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். அப்படி ஒரு பின்னேரம் கந்தோர்க் கணினியின் டிஸ்க் போய்விட்டது. நிரல் எல்லாம், அதன் மாற்றங்களைப் பதிப்புப் பதிப்பாகச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் இருந்ததால் நாங்கள் பெரிதாகக் கலங்கவில்லை. புதுக் கணினி வாங்கி, உபுண்டு 22.04 லினக்ஸ் போட்டு, கிட்டிலிருந்து இறக்கி, ரீட்மியில் இருந்த வரியைக் கொடுத்துக் கம்பைல் செய்தோம்.

முதல் தடங்கல் உடனே வந்தது. புது பில்ட் பெட்டியில் தொடங்கவே இல்லை, ஜிலிப்சி 2.34 (சி நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) இல்லை என்று நின்றது. பெட்டிகளில் இருப்பது டெபியன் 11 லினக்ஸ், அதில் ஜிலிப்சி 2.31. உபுண்டு 22.04இல் 2.35. இடையில் வந்த 2.34இல் திரெட் நூலகத்தை முதன்மை நூலகத்தோடு சேர்த்தார்கள், நிரலைத் தொடக்கி வைக்கும் செயற்கூறுக்கும் புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். அதனால் அதற்குப் பிந்திய கணினியில் சாதாரணமாகக் கம்பைல் செய்த மிகச் சிறிய நிரல்கூட பழைய பெட்டியில் ஏறாது. பெட்டியிலிருந்த நூலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் பிரதியெடுத்து, கம்பைலருக்கு அதையே சிஸ்ரூட்டாக, அதாவது நூலகங்களைத் தேட வேண்டிய இடமாக, காட்டியதும் சரியானது. இப்படிப்பட்ட பிழைக்கு நான் நன்றி சொல்வேன். ஓட முடியாவிட்டால் முடியாது என்று அங்கேயே நிற்கிறது.

சோதனைகள் எல்லாம் லேப்டொப்பில் பச்சையாக, அதாவது பிழையில்லை என்று, வந்தன. ஆறு பெட்டிகளுக்குப் புதிய பதிப்பை அனுப்பினோம். நான்கில் எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டில் நள்ளிரவு சைரன்.

எங்கே தேடினோம்

எனக்கு முதலில் சென்சர் மேல்தான் சந்தேகம். டிஎஸ்18பி20 பாவித்தவர்களுக்கு 85 என்ற எண் பழக்கமானது. மின்சாரம் வந்து, இன்னும் முதல் அளவை எடுக்காத சென்சரிடம் கேட்டால் அது 85 பாகை என்று சொல்லும். வயர் தளர்ந்தால் இப்படி வரும். ஆனால் இங்கே வந்தது 238. இந்த சென்சர் அளக்கும் எல்லையே மைனஸ் 55 முதல் 125 வரைதான். 238 என்று சொல்ல அதற்கு வழியே இல்லை.

காலையில் கொட்பேக்குப் போய்ப் பெட்டியோடு லேப்டொப்பை இணைத்துப் பார்த்தேன். லினக்ஸ் கேர்னல் சென்சரின் அளவை ஆயிரத்தில் ஒரு பாகைக் கணக்கில் ஒரு கோப்பில் தரும். அதில் மைனஸ் 18062 என்று இருந்தது. அதாவது மைனஸ் 18.06 பாகை. சரியான அளவு. அதே நிமிடத்தில் எங்கள் நிரல் எழுதிய பதிவில் 238. நானா பக்கத்தில் நின்று இரண்டு எண்ணையும் பார்த்தார். "கூட்டினா 256 வருதே தம்பி" என்றார். மீன் கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர், அவருக்கு அது உடனே கண்ணில் பட்டது. 238உம் 18உம் 256. எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

பதிவுக் கோப்பு பெரிதாகக் கூடாது என்பதற்காக, வெப்பநிலையின் முழுப் பாகையை ஒரே ஒரு பைட்டில், சி மொழியின் 'கார்' வகையில் வைத்திருந்தோம். ஒரு பைட்டில் 256 மதிப்புகள் உண்டு. அதைக் குறியோடு படித்தால் மைனஸ் 128 முதல் 127 வரை, குறியில்லாமல் படித்தால் 0 முதல் 255 வரை. வெறுமனே 'கார்' என்று எழுதினால் எப்படிப் படிப்பது என்று சி மொழித் தரம் சொல்வதில்லை, அதை ஒவ்வொரு தளத்துக்கும் விட்டுவிடுகிறது. இன்டெல் வகைக் கணினியில் லினக்ஸில் எங்கள் கம்பைலரான ஜிசிசி குறியோடு படிக்கும். ராஸ்பெரி பையில் இருக்கும் ஆர்ம் சில்லில் குறியில்லாமல் படிக்கும். லேப்டொப்பில் மைனஸ் 18 ஆக இருக்கும் அதே பைட் பெட்டியில் 238. லேப்டொப் சோதனைகள் பச்சையாக வந்ததும் அதனால்தான். நான்கு பெட்டிகள் தப்பியதும் அதனால்தான்: அவை ஐஸ் போட்டு மீன் வைக்கும் அறைகள், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை.

சரி. ஆனால் இந்த நிரல் இரண்டு வருடமாக ஆர்ம் பெட்டிகளில் மைனஸ் 18ஐச் சரியாகக் காட்டியதே? வரி எதுவும் மாறவில்லை என்று கிட் சொல்கிறது. இந்தக் கேள்வியில் ஒரு முழு நாள் போனது.

மூதூர்ப் பெட்டிக்கு அப்போது புதிய பதிப்பு போயிருக்கவில்லை. அதிலிருந்த பழைய நிரல் கோப்பை எடுத்து வந்தோம். டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால், ஜிசிசி தனக்குக் கொடுக்கப்பட்ட ஃபிளாக்குகளை அந்தத் தகவலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், படித்துவிடலாம். ரிலீஸ் பில்டில் அது இல்லை. எங்கள் குழுவில் வயதில் இளைய தங்கச்சி, நிலாவெளி வீதியில் இருக்கும் வளாகத்தில் படித்து முடித்து வந்தவர், பழையதையும் புதியதையும் இயந்திர மொழிக்குப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெப்பநிலையை எடுக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இதில ஒரு எஸ் குறையுது" என்றார்.

பழைய கோப்பில் அந்த வரி எல்டிஆர்எஸ்பி. புதியதில் எல்டிஆர்பி. இரண்டும் நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் ஆர்ம் கட்டளைகள். நடுவில் இருக்கும் அந்த எஸ் என்றால் குறியோடு எடு என்று பொருள். ஒரே மூலநிரல், வேறு வேறு கட்டளை. அப்படியென்றால் பழையதைக் கம்பைல் செய்தபோது யாரோ கம்பைலரிடம் 'கார்' வகையைக் குறியோடு எடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஜிசிசியில் 'எஃப் சைன்ட் கார்' என்று ஒரு ஃபிளாக் உண்டு.

வட்ஸ்அப்பில் அண்ணாவைக் கேட்டோம். அங்கே விடிகாலை, ஆனாலும் உடனே குரல் பதிவு அனுப்பினார். "ஓம் தம்பி, அது நான் முதல் நாளே குடுத்தது. பிறகு அதைத் தொட வேண்டி வரவே இல்லை."

தொட வேண்டி வராததற்குக் காரணம் சிமேக்கின் கேஷ். சிமேக்குக்கு ஒரு தடவை கொடுத்த மதிப்புகளை அது பில்ட் கோப்புறைக்குள் ஒரு கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை தடவை பில்ட் செய்தாலும் அந்த மதிப்புகளே நிற்கும், திரும்பக் கொடுக்கத் தேவையில்லை. வசதிதான். 2021இல் அண்ணா ஒரு தடவை கொடுத்த ஃபிளாக் இரண்டு வருடம் கந்தோர்க் கணினியின் பில்ட் கோப்புறைக்குள் உயிரோடு இருந்தது. பில்ட் கோப்புறையை யாரும் கிட்டில் சேர்ப்பதில்லை, நாங்களும் சேர்க்கவில்லை. இந்த நிரலை எப்படிக் கட்ட வேண்டும் என்ற உண்மையின் ஒரே எழுத்துப் பிரதி அந்த டிஸ்கில் இருந்தது. மின்னல் கொண்டுபோனது அதைத்தான்.

இதில் இன்னொரு கவனக்குறைவும் எங்கள் பக்கம் இருந்தது. குறியில்லாத ஒரு எண்ணைப் பூச்சியத்தைவிடக் குறைவா என்று ஒப்பிட்டால், கூடுதல் எச்சரிக்கைகளைத் திறந்து வைத்திருக்கும் ஜிசிசி, இந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்று எச்சரிக்கும். நாங்கள் கூடுதல் எச்சரிக்கைகளைத் திறந்திருந்தது லேப்டொப் டீபக் பில்டில் மட்டும். அங்கே 'கார்' குறியோடு இருப்பதால் எச்சரிக்கை வர வாய்ப்பே இல்லை. வந்திருக்க வேண்டிய ஆர்ம் ரிலீஸ் பில்டில் அதைத் திறக்கவில்லை. உள்ளமைவுகள் ஆளுக்கொரு விதமாகச் சிதறிக் கிடந்தால் இப்படித்தான், காவல் ஒரு வாசலில் நிற்கும், கள்ளன் மறு வாசலால் வருவான்.

மேக் என்ற கருவி பிறந்த கதை இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். அவருடைய சகா ஸ்டீவ் ஜோன்சன், சரியாகவே இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதை வீணாக்கியிருந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பைத் திரும்பக் கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தது. அந்தக் கோபத்தோடு அவர் வந்து நின்றதுதான் மேக்குக்கு வித்து. நாம் எழுதிய நிரல் ஒன்று, ஓடும் நிரல் வேறொன்று என்ற அந்தப் பழைய நோய்தான் கொட்பேயிலும் வந்தது. மூலநிரல் பழசா புதுசா என்பதை மேக் பார்த்துக்கொள்ளும். என்ன ஃபிளாக் கொடுக்க நினைத்தோம் என்பதை நாம் எங்காவது எழுதி வைத்தால்தான் அது யாருக்கும் தெரியும்.

முதல் ரேப்பர்

அன்றைக்கே ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். இலக்கின் பெயரைக் கொடுத்தால் போதும், மூன்று வரிக் கட்டளையை அது கட்டிக் கொடுக்கும். ஃபிளாக்குகளில் இடைவெளி வந்தால் பாஷ் அதை இரண்டாக உடைத்துவிடும் தொல்லை இருந்ததால், ஃபிளாக்குகளை மட்டும் 'சிஃபிளாக்ஸ்' என்ற சூழல் மாறியில் வைத்துவிட்டு சிமேக்கை அழைத்தேன். என் கணினியில் ஓட்டினேன், பிரித்துப் பார்த்தேன், எஸ் வந்திருந்தது. எல்லாருக்கும் அனுப்பினேன்.

தங்கச்சியின் கணினியில் அதே ஸ்கிரிப்ட், அதே கிட் பதிப்பு. ஓடி முடித்து வெற்றி என்று சொன்னது. அவர் நம்பாமல் பிரித்துப் பார்த்தார். எல்டிஆர்பி. எஸ் இல்லை.

காரணம் திரும்பவும் கேஷ்தான். சூழல் மாறியிலிருந்து சி ஃபிளாக்குகளை சிமேக் எடுப்பது ஒரு பில்ட் கோப்புறையை முதல் முதலில் உள்ளமைக்கும்போது மட்டுமே. எடுத்ததைக் கேஷில் எழுதிவிடும், அடுத்த தடவை கேஷைத்தான் பார்க்கும். என் கோப்புறை புதியது, அவருடையது முந்திய வாரமே இருந்தது. எந்தக் கம்பைலர், எந்த சிஸ்ரூட் என்று சொல்லும் டூல்செயின் கோப்புக்கும் இதே கதிதான்: முதல் உள்ளமைப்போடு அது நிலைத்துவிடும், பிறகு வேறொன்றைக் காட்டினாலும் அந்தக் கோப்புறை மாறாது.

அன்று எனக்கு வந்த பயம் நானாவின் அழைப்பு வந்த இரவைவிடப் பெரியது. முன்பு எங்களுக்கு ஃபிளாக் இல்லை என்பது தெரியாது. இப்போதோ ஃபிளாக் இருக்கிறது என்று ஒரு கருவி அடித்துச் சொல்கிறது, உள்ளே இல்லை. அவர் பிரித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் கோப்பு அப்படியே கொட்பேக்குப் போயிருக்கும். ஒரு கட்டளையைச் சுருக்கித் தரும் ரேப்பர், அந்தக் கட்டளை உண்மையில் என்ன செய்தது என்பதைக் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது. மறைத்ததற்கு ஈடாக அதுவே சரிபார்க்கவும் வேண்டும். இந்த முழு நிகழ்விலும் நான் கற்றது இதைத்தான் என்று சொல்வேன்.

இப்போது இருக்கும் 'கட்டு'

இரண்டாவது ரேப்பரை பைத்தனில் எழுதினோம், 'கட்டு' என்று பெயர் வைத்தோம். எழுத உட்காருவதற்கு முன் ஒரு விடயத்தை முடிவு செய்துகொண்டோம்: உள்ளமைவு பற்றிய எந்த மதிப்பும் ரேப்பருக்குள் இருக்கக் கூடாது. அவை எல்லாம் சிமேக்கின் பிரீசெட் கோப்பில் இருக்க வேண்டும்.

பிரீசெட் என்பது சிமேக் 3.19இல் வந்தது. ஜேசன் என்ற எளிய உரை வடிவத்தில் உள்ள ஒரு கோப்பில் ஒவ்வொரு உள்ளமைவுக்கும் பெயர் வைத்து, அதன் டூல்செயின், கேஷ் மதிப்புகள், பில்ட் கோப்புறை எல்லாவற்றையும் எழுதிவிடலாம். ஒன்று இன்னொன்றின் மதிப்புகளை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பு கிட்டில் இருக்கும். அவரவர் கணினிக்கு மட்டும் உரிய மாற்றங்களுக்குத் தனியாக ஒரு பயனர் பிரீசெட் கோப்பு உண்டு, அதைக் கிட்டில் சேர்ப்பதில்லை. உபுண்டு 22.04இல் வருவது சிமேக் 3.22, ஆகவே எங்களுக்குத் தடை இல்லை. டெபியன் 11இல் 3.18தான், அங்கே இது வேலை செய்யாது. பெட்டிக்குள்ளேயே கம்பைல் செய்யும் பழக்கத்தை அதோடு விட்டோம்.

அடியில் 'பொது' என்று ஒரு பிரீசெட். கூடுதல் எச்சரிக்கைகளும் குறி பற்றிய ஃபிளாக்கும் அதில். அதிலிருந்து 'பெட்டி32', 'பெட்டி64', 'மேசை' எல்லாம் கிளை விடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி பில்ட் கோப்புறை, ஒன்றின் கேஷ் இன்னொன்றைத் தொடாது.

பிரீசெட் இவ்வளவும் செய்தால் ரேப்பர் எதற்கு என்று தங்கச்சியே கேட்டார். நியாயமான கேள்வி. பிரீசெட் போதுமான இடத்தில் ரேப்பர் எழுத வேண்டாம் என்பதே என் கருத்தும். பிரீசெட் செய்யாத வேலைகள் மட்டும்தான் 'கட்டு'க்குள் இருக்கின்றன.

பெயர் கொடுக்காமல் ஓட்டினால் அது எதையும் கட்டாது, பெயர்களின் பட்டியலைக் காட்டிவிட்டு நிற்கும். இயல்பான தெரிவு என்று ஒன்று இருந்தால், யோசிக்காத கை அதைத்தான் களத்துக்கு அனுப்பும். அடுத்து, சிமேக்கை அழைப்பதற்கு முன் முழுக் கட்டளையையும் திரையில் எழுதும். அந்த வரியை அப்படியே எடுத்து 'கட்டு' இல்லாத ஒரு கணினியில் ஒட்டினாலும் அதே பில்ட் வர வேண்டும். நாளைக்கு இந்த ரேப்பரைத் தூக்கி எறிய நினைத்தால் யாருக்கும் எதுவும் தொலைந்துபோகாது. அண்ணா போனபோது நாங்கள் தொலைத்ததைப் போல இன்னொருவர் தொலைக்கக் கூடாது.

உள்ளமைத்து முடிந்ததும் கேஷ் கோப்பைத் திறந்து, பிரீசெட்டில் எழுதியுள்ள ஒவ்வொரு மதிப்பும் அங்கே அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிடும். ஒன்று வேறுபட்டாலும் இரண்டையும் காட்டிவிட்டு நின்றுவிடும். முதல் ரேப்பரில் இது இருந்திருந்தால் தங்கச்சியின் கணினியில் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். களத்துக்குப் போகும் பில்ட் என்றால் பழைய கேஷை முதலில் அழித்துவிட்டுத்தான் தொடங்கும். சிமேக் 3.24இலிருந்து இதற்கென்றே ஒரு ஓப்ஷன் உண்டு, எங்களிடம் 3.22 என்பதால் 'கட்டு' தானே அழிக்கிறது. கிட்டில் சேர்க்காத மாற்றம் கணினியில் கிடந்தால் களப் பில்டுக்கு மறுத்துவிடும். மேசைப் பில்டுக்கு விடும், இல்லாவிட்டால் வேலை செய்ய முடியாது.

கடைசியாக முத்திரை. பிரீசெட்டின் பெயர், கிட் பதிப்பு, சி ஃபிளாக்குகள் மூன்றையும் ஒரு வரியாக நிரலுக்குள்ளேயே பதிக்கிறது. கம்பைல் செய்த நேரத்தை வேண்டுமென்றே விட்டோம். அதைப் பதித்தால் ஒரே உள்ளமைவை இரண்டு தரம் கட்டினாலும் இரண்டு வேறு கோப்புகள் வரும், ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பெட்டியின் இலக்கத்துக்கு 'பதிப்பு' என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் அது இந்த வரியைப் பதிலாக அனுப்பும். நானாவே இதைச் செய்யலாம், செய்தும் பார்த்தார். அந்த இரவு இது இருந்திருந்தால், பத்து நிமிடத்தில் ஃபிளாக் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நிரலையும் திருத்தினோம். இதைச் சொல்லாமல் விட்டால் ரேப்பர்தான் நோயைத் தீர்த்தது என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடும். ஒரு ஃபிளாக்கை நம்பி வெப்பநிலை சரியாக வரும் நிரல், சரியான நிரல் கிடையாது. வெறும் 'கார்' இருந்த இடங்களில் எல்லாம் குறியுள்ள எட்டு பிட் முழுவெண் வகையை வெளிப்படையாக எழுதினோம். அதோடு 'மேசை-எதிர்' என்று ஒரு புதிய பிரீசெட். அது லேப்டொப்பில் 'கார்' வகையைக் குறியில்லாமல் எடு என்று சொல்லும் எதிர் ஃபிளாக்கோடு கட்டுகிறது. ஆர்ம் பெட்டி இல்லாமலே ஆர்மின் இந்தக் குணத்தை மேசையில் வரவழைக்கும் வழி இது. திருத்துவதற்கு முந்திய நிரலை அதில் ஓட்டினோம். மைனஸ் 18க்கான சோதனை சிவப்பாக வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சிவப்பு. திருத்திய நிரல் இரண்டிலும் பச்சை. இப்போது சோதனை என்றால் இரண்டு பிரீசெட்டையும் 'கட்டு' ஓட்டும், ஒன்றை மட்டும் ஓட்ட விடாது.

ஆறு பெட்டிகளையும் திரும்பப் புதுப்பித்து, நானாவின் சைரன் வயரை நானே போய் மாட்டினேன். அறைக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, எல்லை தாண்டியதும் அது அடிப்பதை இரண்டு பேரும் நின்று கேட்டோம்.

மூதூர்ப் பெட்டி

மிச்சம் இருந்தது மூதூர். அடுத்த நாளே போய்ப் புதுப்பித்துவிடலாம் என்று நான் சொன்னேன். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணா ஒரு ஃபிளாக்கை மட்டும்தான் சொல்லாமல் போனவர் எண்டு எப்படித் தெரியும்? அவரிட்ட பழைய ஹிஸ்டரி இருந்தா வாங்கிப் பாப்பம்" என்றார்.

அண்ணாவிடம் கேட்டோம். கந்தோர்க் கணினியில் இருந்தது போய்விட்டது, ஆனால் அவர் வீட்டிலிருந்தும் சில பில்டுகள் செய்திருந்தார். அந்த லேப்டொப்பின் டர்மினல் வரலாற்றுக் கோப்பைத் தேடி அனுப்பினார். அதிலிருந்து சிமேக் என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தபோது கைவிரலில் எண்ணக்கூடியவைதான் மிஞ்சின. அநேகமானவை ஏற்கெனவே பிரீசெட்டில் இருந்தவை. ஒன்று மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாதது: மோடம் வலையமைப்போடு இணையக் காத்திருக்கும் நேரம், வழக்கமான 30 வினாடிக்குப் பதிலாக 90. மூதூர்ப் பெட்டிக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, வீட்டிலிருந்து கொடுத்தது.

ஏன் என்று கேட்டதற்கு அண்ணா திரும்பக் குரல் பதிவு அனுப்பினார். அந்த அறை இருக்கும் இடத்தில் மாரி மழைக்குச் சிக்னல் குறைந்துவிடும், 30 வினாடிக்குள் மோடம் இணையாது, செய்தி போகாமலே விட்டுவிடும், ஆகவே கூட்டினேன் என்றார். நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருந்தது நவம்பர் நடுப்பகுதி. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

'பெட்டி32'இலிருந்து 'பெட்டி32-மூதூர்' என்று ஒரு பிரீசெட் கிளை விட்டோம். பிரீசெட் கோப்பு ஜேசன் என்பதால் நடுவில் குறிப்பு எழுத இடமில்லை. ஆனால் ஒவ்வொரு பிரீசெட்டுக்கும் விளக்கம் என்று ஒரு புலம் உண்டு, பட்டியலைக் கேட்டால் 'கட்டு' அதையும் சேர்த்துக் காட்டும். அதில் அண்ணா சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே தங்கச்சி தட்டச்சு செய்தார்: "மூதூரில் மாரிக்குச் சிக்னல் பிந்தித்தான் வரும். 90 வினாடி விட வேண்டும், குறைக்க வேண்டாம்."